டேங்கைத் திறந்து பார்த்தீர்களா?

கே: ராணுவம் கழித்த பழைய டீசல் டிரக் வாங்கினேன். விற்றவர் இடத்தில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. டேங்கில் டீசல் இல்லை என்று ஒரு கேனிலிருந்து ஹோஸ் போட்டிருந்தார். என் இடத்தில் டேங்கை நிரப்பி ஓட்டினால் 10 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

ப: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தக் கேன் வித்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இன்ஜின் ஓடும் என்பதை மட்டும்தான் கேன் காட்டும். கெட்டுக் கிடப்பது டேங்க். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஈரக்காற்று வியர்த்து நீராகி டேங்கின் அடியில் தங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்பாக வழவழவென்று படியும். கூடவே துரு. ஓடும்போது இதெல்லாம் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உதிர்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் ஓடுவது பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு, செலவே இல்லை. இல்லையென்றால் அடி பிளக்கைக் கழற்றி, வருவதைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வையுங்கள். நீர் அடியில் தனியாக நிற்கும். அப்புறம் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். ஃபில்டரையும் மாற்றுங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும்.

நான் வாங்கிய ஒரு ஜீப்பில் டேங்கின் உள்பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்தது. விற்றவர் அதோடு ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். சொந்த டேங்கிலிருந்து, பாரத்தோடு, அரைமணி நேரம் ஓட்டிக் காட்டாதவரிடம் வண்டி வாங்காதீர்கள்.

கே: காலையில் டீசல் லைனில் ஏர் பிடித்துக்கொள்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் புதிதாகப் போட்டும் தீரவில்லை. டீசல் எங்கும் ஒழுகவில்லை.

ப: பம்ப் வாங்குமுன் ஹோஸ் க்ளிப்பை இறுக்கிப் பார்த்திருக்கலாமே! டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமலே காற்று உள்ளே போகும். அங்கே கொஞ்ச தூரத்துக்கு, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஹோஸ் மாட்டுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். வெடித்த ரப்பரையும் செப்பு வாஷர்களையும் மாற்றுங்கள். கழற்றிய வாஷரையே திரும்பப் போடாதீர்கள்.

கே: எம்35ஏ2 என்ற அமெரிக்க ராணுவ டிரக் வாங்கியிருக்கிறேன். பலவகை எரிபொருளில் ஓடும் மல்டிஃபியூல் இன்ஜினாம். கிடைக்கிற எண்ணெயை ஊற்றலாமா?

ப: நீங்கள் என்ன போருக்கா போகிறீர்கள்? நல்ல டீசல் ஊற்றுங்கள். அதில் ஃபில்டர் மூன்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எனக்கு எழுதாதீர்கள். மின்சார பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அது ரீங்கரிக்கவில்லை என்றால் முதலில் வயரைப் பாருங்கள்.

கே: பெட்ரோல் டிரக். டேங்கில் பல வருடப் பழைய பெட்ரோல் அப்படியே இருக்கிறது. வீணாக்க மனமில்லை.

ப: முழுவதையும் வடித்து எடுத்துவிடுங்கள்.

கே: இன்ஜக்‌ஷன் பம்ப் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்) இறுகிவிட்டது. தட்டிக் கிளப்பி ஸ்டார்ட் செய்யலாமா?

ப: கூடாது. டீசல் அளவை மாற்றும் ராக் முழுத் திறப்பில் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் கேபிளை இழுத்தும் அடங்காது. பம்பைக் கழற்றிக் கடையில் கொடுங்கள். திரும்பி வந்தபின்னும், முதல் ஸ்டார்ட்டின்போது வேகம் அடங்காவிட்டால் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை மூட ஒரு கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வெறுங்கையால் மூட வேண்டாம்.