பட்டுப்புழு, மக்காச்சோளப் படைப்புழு ரெண்டுமே அந்துப்பூச்சிதானாமே, அப்படி என்ன வித்தியாசம்?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. உடுமலைப் பக்கம் எங்களுக்கு மல்பெரியும் உண்டு, மக்காச்சோளமும் உண்டு. பூச்சியியல் படித்தவன் இல்லை, இரண்டோடும் மல்லுக்கட்டுகிறவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டு அந்துக்குச் சிறகு இருந்தும் பறக்க வராது. கூட்டைவிட்டு வந்தபின் எதுவும் தின்னாது. இணை சேர்ந்து 400, 500 முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆயிரக்கணக்கான வருடம் மனிதன் கையிலேயே வளர்ந்த ஜீவன். படைப்புழுவின் அந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் போகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018இல் கர்நாடகத்தில் தெரிந்து, அதே வருடம் இங்கேயும் இறங்கிவிட்டது.

பட்டுப்புழு தட்டு நிறைய நெருக்கியடித்துக் கிடந்து மல்பெரி மட்டும் தின்னும். படைப்புழு தன் இனத்தையே தின்னும். அதனால் குருத்தைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான், ஈர மரத்தூள் மாதிரி எச்சத்துக்குள் கிடக்கும். வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருந்தால் அதுதான்.

இவ்வளவு வித்தியாசமும் மருந்துக்குத் தெரியாது. ஒருமுறை பக்கத்துக் காட்டில் படைப்புழுவுக்குக் குளோரான்ட்ரனிலிப்ரோல் என்கிற பூச்சிமருந்து அடித்தார்கள். காற்று எங்கள் மல்பெரி மேல். எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த இலையைப் போட்டதும் அஞ்சாம் பருவத்துப் புழுக்கள் தின்பதை நிறுத்தி, உடம்பு சுருங்கி, வரிசையாகச் செத்தன. கூடு கட்ட ரெண்டு மூணு நாள்தான் பாக்கி. மருந்துக் கடையில் கேட்டால், “பச்சை முக்கோணம்ங்க, ஒண்ணும் ஆகாது” என்கிறார். மருந்து டப்பாவில் போட்டிருக்கிற அந்த முக்கோணம் மனுசனுக்கு எவ்வளவு விஷம் என்பதற்கு. புழுவுக்கு இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரரைத் திட்டவில்லை. அவர் பயிரை அவர் பார்க்கணும். எங்கள் சோளத்துக்கும் மருந்து அடிக்கிறோம், மல்பெரிக்குத் தள்ளி, காற்று பார்த்து. “நீங்களும் பட்டுக்காகக் கூட்டோடு கொல்கிறீர்களே” என்று யாராவது வருவீர்கள். ஆமாம், கொல்கிறோம். வீட்டுக் கல்யாணத்துக்குப் பருத்திச் சேலை எடுத்துவிட்டு வந்து கேளுங்கள்.

இத்தனைக்கும் தப்பி விளைந்த சோளத்தை விற்கப் போனால் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார் வியாபாரி. ஈரம் பார்க்கும் மெஷினும் அவருடையதுதான். அதைப் பற்றி யாராவது கேள்வி போடுங்கள், இதைவிட நீளமாக எழுதுகிறேன்.