அத்தைக்கு ராமேஸ்வரம், மகளுக்குத் தீவு: ஆறு நாளில் எது முடியும்?

கேள்வி: மே மாதத்தில் ஆறு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு எங்கள் ஏழு இருக்கை வண்டியிலேயே குடும்பத்தோடு புறப்படலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், எழுபத்தொரு வயதான மாமியார், எட்டாம் வகுப்பு முடித்த மகன், ஆறு வயது மகள் என ஐந்து பேர். “ராமேஸ்வரத்தப் பாக்காமயே கண்ண மூடிருவனாட்ட இருக்குது” என்று அத்தை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளுக்குத் தீவு பார்க்க வேண்டுமாம். காரிலேயே தீவுக்குப் போக முடியுமா என்று கேட்கிறாள். கணவரோ மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொச்சி, மூணாறு என்று ஒரு சுற்று வரைந்து வைத்திருக்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. இந்தத் திட்டம் சரிப்படுமா?
வாசகி, காங்கேயம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காரிலேயே தீவுக்குப் போகலாம். ராமேஸ்வரம் பாம்பன் தீவின் மேல்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, 1914-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றே அதை மண்டபத்தோடு இணைத்திருந்தது. அத்தை கேட்கும் கோயிலும் மகள் கேட்கும் தீவும் ஒரே இடத்தில் இருப்பதால், உங்கள் வீட்டுச் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி உங்கள் கணவர் வரைந்த சுற்றில் இருக்கிறது. அதை நான் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வருகிறது. ஆறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர்தானே என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து கொச்சி வரையிலான சாலையில், ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்பதால், நம் பக்கத்து நாலுவழிச் சாலையில் மூன்று மணி நேரத்தில் முடியும் தூரத்துக்கு அங்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதோடு, முழங்கால் வலி உள்ள ஒருவரும் ஆறு வயதுக் குழந்தையும் இருக்கும் வண்டி, சுத்தமான கழிப்பறை எங்கெங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் நின்று நின்றுதான் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இந்தச் சுற்று எட்டு நாளைத் தாண்டும்.

ஆகவே கன்னியாகுமரியையும் கொச்சியையும் இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு பிடிக்க மே மாத வரிசையில் நிற்பது அத்தையின் காலுக்கு ஆகாது. கடல் சற்றுச் சீறினால் படகையே நிறுத்திவிடுவார்கள் என்பதால், நின்றதற்குப் பலன் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கொச்சி நல்ல ஊர்தான். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் தீவுக்கு வண்டியோடு ஜங்காரில் ஏறிக் கடப்பதும், 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் பயணிப்பதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் நமக்கு அது பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரே நாளில் சேரக்கூடிய ஊர். அரையாண்டு விடுமுறையில் மூன்று நாளுக்குத் தனியாகப் போய்வரலாம்.

மூணாற்றை விட வேண்டியதில்லை. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை நீண்டதுதான் பழைய 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எண்கள் இப்போது மாறிவிட்டாலும் சாலை அதேதான். கடலிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஏறி, மறுபக்கம் உடுமலையில் இறங்கினால் வீடு வந்துவிடும். காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, ராமேஸ்வரம், திரும்ப மதுரையைத் தொட்டுத் தேனி, போடி, மூணாறு, மறையூர், உடுமலை, காங்கேயம் என்ற இந்தச் சுற்று ஏறத்தாழ 860 கிலோமீட்டர். மதுரையில் ஓர் இரவு, ராமேஸ்வரத்தில் இரண்டு, தேனியில் ஒன்று, மூணாற்றில் ஒன்று என்று தங்கினால் ஆறாம் நாள் மாலை வீட்டில் இருக்கலாம்.

முதல் நாள் காலை நாலரைக்குக் கிளம்பிவிடுங்கள். தாராபுரத்தில் அமராவதியைக் கடக்கும்போது பொழுது விடியத் தொடங்கியிருக்கும். கோடையில் அங்கே தண்ணீரைவிட மணலும் கோரையுமே மிகுதியாகத் தெரியும். இருந்தாலும் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக்கி மகனுக்கு ஆற்றின் பெயரைச் சொல்லி வையுங்கள், காரணம் பிறகு வரும். மதுரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது என்பதையும், சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதையும் மட்டும் நினைவில் வைத்து, பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும் என்றாலும், மே கடைசி வாரத்திலேயே மலையில் மழை வலுத்துவிடுவதுண்டு. அதனால் மாதத்தின் முற்பாதி நல்லது.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். இரண்டு பக்கமும் பேருந்துகள் உரசிப் போகும் இடம் அது. மேலிருந்து பார்த்தாலே பக்கத்தில் புதிய ரயில் பாலம் தெரியும். முன்பு பழைய பாலத்தில் கப்பல் வந்தபோது ஆட்கள் கையால் நெம்புகோலைச் சுற்றி, நடுப்பகுதியை இரண்டு கதவுகளைப்போல் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கிணற்று வாளியை நேராக மேலே இழுப்பதுபோல், படுத்த நிலையிலேயே செங்குத்தாக உயர்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கோயிலைப் பொறுத்தவரை, போய்ச் சேரும் அன்றைக்கே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். நண்பகலில் நடை சாத்தி மூன்று மணிவாக்கில் திறப்பார்கள். அன்று மாலை அத்தையைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தை மட்டும் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள். 22 தீர்த்தங்களில் நீராடுவது மறுநாள் காலையில் இருக்கட்டும். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். ஈரம் சொட்டும் நூறு பேர் நடந்துபோன கல் தரை அது. முழங்கால் பலமில்லாதவர் அதில் விரைந்து நடக்கக் கூடாது. ஒரு பக்கம் உங்கள் மகனும் மறுபக்கம் நீங்களுமாகக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள் என்பதால் மாற்றுச் சேலையைத் தனிப் பையில் எடுத்துச் செல்ல வேண்டும். முடியவில்லை என்றால் அக்னி தீர்த்தக் கடலில் காலை நனைத்து, தலையில் நீரைத் தெளித்துக்கொண்டால் போதும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

நீராடலும் தரிசனமும் முடிந்த அன்று பகலில் வெயில் இறங்கும்வரை அறையில் ஓய்வெடுத்துவிட்டு, பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவகத்துக்குப் போய் வரலாம். தனுஷ்கோடிக்கு, ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பும் நாளில் விடிந்ததும் போங்கள். பத்து மணிக்குமேல் அந்த மணலில் நிற்க நிழலே இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊர் அது. பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. கூரையில்லாத தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை போட்டிருப்பதால் அத்தை வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு கடலையும் பார்க்கலாம். அலை அடங்கிய ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலை புரளும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அவ்வூர் மக்கள் சொல்வார்கள். இரண்டிலும் குளிக்க வேண்டாம், நீரோட்டம் கடுமையானது.

மகளுக்கு ஆளில்லாத தீவுதான் வேண்டுமென்றால், பாம்பனுக்கு அருகிலேயே குருசடை இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் ஒன்றான அதற்கு வனத்துறையின் அனுமதியோடு, அவர்களுடைய ஏற்பாட்டிலேயே போக முடியும். கடல் ஒத்துழைக்க வேண்டும் என்பதால் அதை நம்பி நாளை ஒதுக்காமல், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டுமே புதிய மீனாக இருக்கும். விலை கூடுதலாக இருப்பதைக் கண்டு உங்கள் கணவர் ஓட்டல்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கோயிலும் கடலும் முதலில், மலை கடைசியில் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. அத்தையின் வேண்டுதல் தொடக்கத்திலேயே நிறைவேறிவிட்டால் மீதி நாள்களில் அவர் பேரப்பிள்ளைகளோடு இலகுவாக இருப்பார். கத்திரி வெயிலில் மூன்று நாள் வெந்த உடம்புக்குப் பிறகு குளிர் கிடைப்பதும் ஒரு சுகம். ராமேஸ்வரத்திலிருந்து ஒரே மூச்சில் மூணாற்றுக்கு ஏறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் களைத்த ஓட்டுநர் இருக்கக் கூடாது. தேனியில் தூங்கி, காலையில் இரண்டு இட்லியோடு ஏறினால் குழந்தைக்கும் வாந்தி வராது.

ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். மூணாற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு முன்பதிவு செய்துவிட்டால் வனத்துறைப் பேருந்தே மேலே கொண்டுபோய்விடும். வரையாடு பார்க்கலாம். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். அதை இப்போதே காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வண்டியைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி நடுப்பகலில் எங்கள் வண்டியின் பின்சக்கரம் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. சர்வீஸ் விட்ட இடத்தில் நான்கு சக்கரங்களைப் பார்த்தவர்கள் ஐந்தாவதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெடித்த டயரைப் பிறகு பார்த்தபோது பட்டன் நன்றாகவே இருந்தது, வயதுதான் ஆகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும்; 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறேழு ஆண்டைத் தாண்டியிருந்தால், பட்டன் தேயாவிட்டாலும் இந்த வெயிலில் அதை நம்பி நெடுந்தூரம் போக வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியதும் தேனியிலேயே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

கட்டுச்சோறு முதல் நாளுக்கு மட்டும் போதும். புளிச்சோறு தானாக நிற்கும். தயிர்ச்சோற்றுக்குத் தயிரை ஊற்றிப் பிசையாமல், குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி இரண்டு கரண்டித் தயிர் மட்டும் விட்டுப் பிசைந்து வையுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் சரியான பதத்தில் இருக்கும்.

கடைசி நாள் மூணாற்றிலிருந்து காலையிலேயே இறங்கிவிடுங்கள். மறையூரில் சந்தனக்காட்டைப் பார்த்து, அவ்வூர் வெல்லம் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, சின்னாறு சோதனைச்சாவடியை நண்பகலுக்குள் கடந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் யானைகள் சாலைக்கு வரும், வழியையும் அடைத்துவிடுவார்கள். அந்தக் காட்டுக்குள் பாறைகளுக்கு இடையே ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளில் ஒன்று. அதுவும் சின்னாறும் கலந்து கீழே அமராவதி அணைக்கு வருகின்றன. முதல் நாள் விடியலில் தாராபுரத்துப் பாலத்தின் கீழே மணலாகக் கிடந்த ஆறு இதுதான் என்று மகனுக்கு அங்கே சொல்லுங்கள். அணையில் முதலைப் பண்ணையும் இருக்கிறது. மகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பாள் என்பதால் அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.