சிகிச்சைக்குப் பின் அலுவலகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாத கீமோதெரபி முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. சிகிச்சைக்கு நடுவே வீட்டிலிருந்து கொஞ்சம் வேலை பார்த்தேன். அப்போது ஒரு கூட்டத்தில், என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியரை, வேலை தாமதமானதற்காக எல்லார் முன்னாலும் கடுமையாகப் பேசிவிட்டேன். இப்போது அவர் மின்னஞ்சலில் மட்டுமே பேசுகிறார். நான் போனால் மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். எல்லாரையும் உட்காரவைத்து விளக்கிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். நோயைப் பற்றி நீங்கள் பேசி முடித்தபின் யார் வாய் திறந்து தன் மனக்குறையைச் சொல்வார்? முதலில் அந்தச் சக ஊழியரிடம் மட்டும், தனியாக, பத்து நிமிடம்.

வாந்தியைத் தடுக்கக் கீமோவுடன் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் தருவார்கள். அது ஸ்டீராய்டு. தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், நிறுத்தியதும் சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். நீங்கள் சீறியது அந்த நாட்களில்தானா என்று சிகிச்சைக் குறிப்பைப் பாருங்கள். ஆனால் அது உங்கள் தெளிவுக்கு. மன்னிப்பை அங்கே தொடங்கினால் பழியை மாத்திரைமேல் போடுவதாகத்தான் அவர் காதில் விழும். அன்று சொன்னதை அப்படியே சொல்லுங்கள்: "தாமதத்துக்கு உங்களை எல்லார் முன்னாலும் குறை சொன்னேன். அது தப்பு. என் வேலையையும் நீங்கள்தான் பார்த்தீர்கள்." இதோடு நிறுத்துங்கள். 'மனம் புண்பட்டிருந்தால்' என்று இழுக்காதீர்கள், புண்பட்டது உங்களுக்கே தெரியும். மருந்தைப் பற்றி அவர் கேட்டால் ஒரு வரி. பதிலுக்காகக் காத்து நிற்கவும் வேண்டாம். சபையில் பேசியதைச் சபையில்தான் திருத்த வேண்டும், அதற்கு அவர் சம்மதித்தால் அடுத்த கூட்டத்தில் இரண்டு வாக்கியம்.

பகை முற்றுவது பெரும்பாலும் வேலையைத் திரும்ப வாங்கும்போதுதான். ஆறு மாதத்தில் அவர் சில முறைகளை மாற்றியிருப்பார். வந்ததும் பழையபடி ஆக்கினால் அவர் உழைப்பை அழித்ததாகிவிடும். மேலாளரையும் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எது எந்தத் தேதியில் உங்களிடம் வருகிறது, எதை அவரே வைத்துக்கொள்ள விரும்புகிறார். முதலில் ஒன்றிரண்டை மட்டும் வாங்குங்கள். கீமோவுக்குப் பிறகு களைப்பும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம், அந்தக் களைப்பு தூங்கி எழுந்தாலும் போகாது. ஆர்வத்தில் ஐந்தை ஏற்று இரண்டைத் தவறவிட்டால் மறுபடி சுமப்பவர் அவர்தான். வாய்வழியாகப் பேசியதை அன்றே இரண்டு வரியில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மின்னஞ்சலில் பேசுவது இதற்கு வசதிதான், தொலைபேசிக்கு இழுக்காதீர்கள்.

மற்றவர்கள் பேச்சை மாற்றுவது பகையாக இருக்க வேண்டியதில்லை. என்ன கேட்பது என்று தெரியாத கூச்சமாகவும் இருக்கலாம். "சிகிச்சை முடிந்தது, மத்தியானத்துக்கு மேல் சோர்வேன், வேலை விஷயம் வழக்கம்போலக் கேளுங்கள்" என்று ஒரு வரி தயாராக வைத்திருங்கள். சோர்வு எந்த நேரத்தில் என்பதை மட்டும் உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு நின்று பல வாரமாகியும் எரிச்சல் அடங்கவில்லையென்றால் மருந்தின்மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.