குட்டியைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ: கேள்வி பதில்

காயப்பட்ட காட்டு மிருகங்களைப் பராமரிக்கிற வேலையில கனகாலம் இருந்தனான். இப்ப நெடுங்கேணியில ஓய்வு. கேள்வி இருந்தா எழுதுங்கோ எண்டு சொன்னது என்ர பிழைதான், வந்து குவிஞ்சு போச்சு.

கேள்வி (முல்லைத்தீவு, ஒரு தங்கச்சி): மந்திக்குட்டி ஒண்டு. தாயை நாய் கடிச்சுக் கொண்டிட்டுது. மூண்டு நாளாப் பசுப்பால் குடுக்கிறம், வயித்தால போகுது. வளர்ந்தாப் பிறகு காட்டில விடலாமோ?

பதில்: பிள்ளை, முதல்ல பசுப்பாலை நிப்பாட்டுங்கோ. குட்டியின்ர கையைத் தொட்டுப் பாருங்கோ. குளிர்ந்திருந்தா ஒண்டும் பருக்க வேண்டாம். உடம்பு குளிர்ந்தா குடல் வேலை செய்யாது, போனது உள்ளுக்கையே புளிச்சு வயிறு ஊதும். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில சுத்திப் பக்கத்தில வையுங்கோ. தாயின்ர வயித்தைக் கட்டிப்பிடிச்சு வாழுற சீவன். துவாயைச் சுருட்டிக் குடுத்துப் பாருங்கோ, இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அழுகையை விட்டிடும். சூடு பிடிச்சாப் பிறகு கைக்குழந்தையளுக்குக் கரைக்கிற மாப்பால், குப்புறக் கிடத்தி, சிரிஞ்சால துளித்துளியா. மல்லாக்கக் கிடத்திப் பருக்கினா பால் சுவாசப்பைக்குள்ள போயிடும். என்ர கையில செத்த குட்டியள் சிலதுக்கு வீட்டுக்காரர் அன்பாப் பருக்கினதுதான் எமன். உடன 1992 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ.

காட்டில விடுறது? எந்த இலை தின்னலாம், சிறுத்தை வந்தா எப்பிடிக் கத்துறது எண்டதெல்லாம் கூட்டம் பழக்கிறது. உங்கட குசினியில அதைப் பழகேலாது. உடவளவையில 1995 இல தொடங்கின யானைக்குட்டி நிலையத்தில பால் பருக்கிறவையைத் தவிர ஆக்கள் கிட்டப் போறதில்லை. அஞ்சு வயசளவில சேர்ந்து வளர்ந்ததுகளைக் கூட்டமாக் காட்டில விடுகினம். 1975 இல தொடங்கின பின்னவல யானை அநாதை இல்லம் வேற மாதிரி, அங்க யானையள் ஆக்களோடயே வாழ்ந்து முடியும். சாகுமட்டும் அடைச்சு வைச்சுப் பார்க்கிறது வேற வழி இல்லாததுக்குத்தான். மந்தி இருபது வருசம் தாண்டி இருக்கும், யோசிச்சுப் பாருங்கோ.

கேள்வி: கிளிக்குக் கதைக்கப் பழக்கிறது எப்பிடி?

பதில்: நான் அந்தக் கடை இல்லை.

கேள்வி (மன்னார்): நட்சத்திர ஆமை வீட்டில இருந்தா காசு வருமாமே?

பதில்: கடத்துறவனுக்கு வரும். அழியிற உயிரினங்களின்ர சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் உடன்படிக்கையின்ர முதலாம் பின்னிணைப்பில 2019 இல சேர்த்தாச்சு, காட்டில பிடிச்சதை நாடு விட்டு நாடு விக்கேலாது. இஞ்சை வீட்டில வைக்கவும் சட்டம் விடாது. சோறும் வாழைப்பழமும் தின்டு வளர்ந்த ஒண்டை எங்களிட்டக் கொண்டு வந்தவை. ஓட்டில ஒவ்வொரு கட்டமும் கூம்பு மாதிரி எழும்பி நிண்டது. அது பிறகு நிமிராது.

கேள்வி: சிவப்புக் காது ஆமை பெரிசாப் போச்சு, வவுனிக்குளத்தில விடலாமோ?

பதில்: வேண்டாம். அமெரிக்காச் சாதி, முப்பது வருசம் இருக்கும். எங்கட குளத்தாமையின்ர சாப்பாட்டையும் வெயில் காயிற கட்டையையும் பிடிச்சிடும். வாங்கினனீங்கள், தொட்டி கட்டி வைச்சுப் பாருங்கோ.

கேள்வி: அதிட்டம் தருமெண்டுற நரிக்கொம்பு எங்க எடுக்கலாம்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (கிளிநொச்சி, ஒரு அண்ணை): 2018 ஜூனில அம்பாள்குளத்தில சிறுத்தை வந்து பத்துப் பேரளவில காயப்படுத்தினது. சனம் அதை அடிச்சுச் சாக்கொண்டதுக்கு நீங்கள் அப்ப ஊரையே திட்டினியள். மனிசரை விட மிருகம் பெரிசோ?

பதில்: அண்ணை, காயப்பட்டவைக்கு நோகேல்லை எண்டு நான் சொல்லேல்ல. வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒராளும் காயப்பட்டவர். சுத்திவர நிண்டு சனம் கத்தினா அது எந்தப் பக்கத்தால போறது?

கேள்வி (அதே அண்ணை): மயக்க ஊசி அடிச்சிருக்கலாம்தானே?

பதில்: அடிச்சவுடன விழுறது படத்தில. அமைதியா நிக்கிற மிருகத்துக்கே மருந்து ஏறப் பத்துப் பதினைஞ்சு நிமிசம் பிடிக்கும். வெருண்டு ஓடுறதுக்கு இன்னும் கூட, சிலவேளை மருந்து ஏறவே ஏறாது. அவ்வளவு நேரமும் சனம் வீட்டுக்குள்ள இருந்தா மட்டும்தான் வேலை நடக்கும்.

கேள்வி (வவுனியா, இடையில ஒருத்தர்): பிடிச்சு சரணாலயத்தில சாகுமட்டும் வைச்சிருக்கலாமே?

பதில்: வளர்ந்த காட்டுச் சிறுத்தையைக் கூட்டுக்கை பார்த்திருக்கிறியளோ? பன்றிக்கு வைச்ச கம்பிச் சுருக்கில அம்பிட்ட ஒண்டு எங்களிட்ட வந்தது. கம்பியைக் கடிச்சே வேட்டைப்பல்லு மூண்டு முறிஞ்சிருந்தது. ஆள் கிட்டப் போனா கூட்டுக் கம்பியில மூஞ்சையை அடிக்கும், கீழ எல்லாம் ரத்தம். சாக்கால கூட்டை மூடின பிறகுதான், அதுவும் இரவில, இறைச்சியைத் தொட்டது. பல்லில்லாம மான் பிடிக்கேலாது, அதாலதான் வைச்சிருந்தம். சுருக்கு வைக்கிற அண்ணைமார் இதையும் வாசியுங்கோ. 2020 மே மாதம் மலையகத்தில நல்லதண்ணி எண்ட ஊரில சுருக்கில அம்பிட்ட கருஞ்சிறுத்தையை உடவளவை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் காப்பாத்தேலாமல் போச்சு.

கேள்வி (அதே அண்ணை): நல்லாக் கதை விடுறியள்.

பதில்: சரி அண்ணை, விடுறன். ஆனா உங்கட காணி வேலியில கம்பி கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

கேள்வி: அணில் குஞ்சுக்குப் பசுப்பால் குடுக்கலாமோ?

பதில்: கடவுளே. மந்திக்கு எழுதினதை வாசியுங்கோ. அதுக்கு முதல், குஞ்சு விழுந்த மரத்தடியில சிரட்டைக்குள்ள துணி போட்டு வைச்சு, பூனையைக் கட்டிப்போட்டு, தள்ளி நிண்டு பாருங்கோ. தாய் வாயால கவ்வித் தூக்கிக்கொண்டு போகும்.