ப்ராஜெக்டில் தேவையில்லாத வெளி லைப்ரரிகளைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

ஒரு கதை சொல்கிறேன், நான் பட்டது.

ஜாவா ப்ராஜெக்ட், பில்டுக்கு மேவன். அதில் டிபென்டென்சி அனலைஸ் என்று ஒரு கட்டளை உண்டு. ஓட்டியதும் "அறிவித்திருக்கிறீர்கள், ஆனால் பயன்படுத்தவில்லை" என்று ஒரு பட்டியல் வந்தது. சந்தோஷமாக ஒவ்வொன்றாக நீக்கினேன். கம்பைல் ஆனது, டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் ஏற்றினால் அப்ளிகேஷன் எழவே மாட்டேன் என்றது. நீக்கியவற்றில் அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவரும் போயிருந்தது!

அந்தக் கட்டளை, கம்பைல் ஆன பைட்கோடில் எந்த கிளாஸ் எதைக் குறிப்பிடுகிறது என்றுதான் பார்க்கும். டிரைவரை நம் கோட் நேரடியாகத் தொடுவதில்லை, ஓடும்போதுதான் அது ஏற்றப்படுகிறது. எங்கள் டெஸ்டுகளோ மெமரியில் இயங்கும் வேறொரு டேட்டாபேஸில் ஓடின. பிறகு எப்படி மாட்டும்? அன்றிலிருந்து அதைச் சந்தேகப் பட்டியலாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

அதே கட்டளை தரும் இன்னொரு பட்டியலைப் பலர் கண்டுகொள்வதில்லை: பயன்படுத்துகிறீர்கள், ஆனால் அறிவிக்கவில்லை. அதாவது வேறொரு லைப்ரரியின் வாலைப் பிடித்து உள்ளே வந்தவை. முன்னதைத் தூக்கினால் இதுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே முதலில் இவற்றை முறைப்படி அறிவித்துவிட்டு, அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள்.

அடுத்து, யார் யாரை அழைத்து வந்தார்கள் என்ற மரத்தைப் பாருங்கள். மேவனில் டிபென்டென்சி ட்ரீ, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மில் எக்ஸ்பிளெய்ன், கோ மொழியில் மாட் வை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற, லாக் எழுதும் ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அது தங்களிடம் இருக்கிறதா என்று தேடவே பல குழுக்கள் திண்டாடின. அவர்கள் எழுதிய பட்டியலில் அந்தப் பெயரே இல்லை, மரத்தின் ஆழத்தில் இருந்தது.

எதை நீக்கலாம்? மொழியே இப்போது செய்துதரும் சில்லறை வேலைகளுக்கான லைப்ரரிகளை முதலில். 2016இல் லெஃப்ட்-பேட் என்ற, எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் பதினோரு வரி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, ஜாவாஸ்கிரிப்ட் கோடை மாற்றித்தரும் பேபல் உட்படப் பலவற்றின் பில்ட் நின்றுபோனது. மறு ஆண்டே அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் குறியாக்கம் (என்கிரிப்ஷன்), நேர மண்டலம் மாதிரி சமாச்சாரங்களை "நாமே எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஒரு கமிட்டுக்கு ஒரு லைப்ரரிதான் நீக்குவேன். நிஜ டேட்டாபேஸோடு அப்ளிகேஷன் எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகே அடுத்ததில் கைவைப்பேன்.