காற்றுக்குமிழியும் வெங்காயக் கலமும்

வாசகர் கேள்வி – பதில்: உயர்தர உயிரியல்

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர உயிரியல் பிரிவில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி பெற்றவள். முதலாவது செய்முறை வகுப்பில் வெங்காயத்தின் உட்தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். முப்பது பேருக்கு இரண்டே நுணுக்குக்காட்டிகள். என் முறை வந்தபோது தெரிந்தவை கரிய விளிம்புடைய வட்டங்கள் மட்டுமே. அதனால் வளநூலின் படத்தைப் பார்த்து, ஒளித்தொகுப்பு நடத்தும் பச்சையவுருமணி, சக்தி தரும் இழைமணி எல்லாம் குறித்து அழகாக வரைந்து கொடுத்தேன். ஆசிரியர் “கண்டதை வரையவும்” என்று எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டார். கண்டதை வரைவதென்றால் வட்டங்களையல்லவா வரைந்திருக்க வேண்டும்? இந்தப் பாடம் எனக்குச் சரிவருமா, ஐயா?

பதில்: வட்டங்களையே வரைந்திருக்கலாம், பிள்ளை. அவை காற்றுக்குமிழிகள் என்று ஆசிரியர் உடனே சொல்லியிருப்பார். உங்களுக்கும் ஒரு மாதக் கவலை இருந்திராது. நீருக்குள் அகப்பட்ட காற்றின் ஓரத்தில் ஒளி முறிந்து விலகிப்போவதால் அந்த விளிம்பு கறுப்பாகத் தெரிகிறது. நான் கற்பித்த காலத்தில், குமிழி ஒன்றுக்கு நேராகக் கோடிழுத்து ‘கரு’ என்று பெயரிட்ட படங்களை ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன். அவற்றை வரைந்தவர்களில் சிலர் இன்று வைத்தியர்கள்.

குமிழி வருவதற்குக் காரணம் அவசரம். கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீர் விட்டு, தோலை மடிப்பு விழாமல் அதில் விரித்த பிறகு, மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டின் ஓர் ஓரத்தை மட்டும் நீரில் தொடவைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கிச் சரிவாக, மெதுவாக இறக்க வேண்டும். அப்போது நீர் முன்னே பரவப் பரவக் காற்று ஒதுங்கி வெளியேறிவிடும். துண்டைத் தட்டையாகப் போட்டால் காற்றுக்குப் போக வழியில்லை. அயடீன் கரைசல் ஒரு துளி சேர்த்திருந்தால், செங்கல் அடுக்கியதுபோல நெருங்கிய நீண்ட கலங்களும், ஒவ்வொன்றிலும் மஞ்சட் கபில நிறமேறிய ஒரு கருவும் தெரிந்திருக்கும். அந்தக் கரு பெரும்பாலும் நடுவில் இராது. கலச்சாறு நிறைந்த பெரிய புன்வெற்றிடம் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுவரோரம் தள்ளியிருக்கும்.

புள்ளியைக் குறைத்தது நியாயமே. வெங்காயத்தின் உட்தோலில் பச்சையவுருமணி இல்லை. வெளிச்சம் படாத வெண்ணிறச் செதிலிலிருந்து உரித்த தோல் அது. பத்து மடங்கு பார்வைத்துண்டும் நாற்பது மடங்கு பொருள்வில்லையும் சேர்ந்து தருவது 400 மடங்கு உருப்பெருக்கம். இழைமணியின் உள்மடிப்புகளைப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் மேசையிலிருந்து அவற்றைக் கண்டதாக நீங்கள் வரைந்தால் எந்த ஆசிரியர்தான் நம்புவார்?

சரிவருமா என்ற கேள்விக்கு வருகிறேன். பரீட்சையின் முதலாம் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். மனப்பாடம் அங்கே ஓரளவு கைகொடுக்கும். இரண்டாம் பத்திரத்தின் அமைப்புக் கட்டுரை வினாக்களோ, ஒரு செய்முறையின் ஒவ்வொரு படியையும் ஏன் செய்தீர்கள் என்று கேட்கக்கூடியவை. றியோ என்ற செடியின் இலையிலுள்ள ஊதாநிறக் கீழ்த்தோலைச் செறிவு வேறுபட்ட சுக்குரோசுக் (சீனி) கரைசல்களில் இட்டு, முதலுருச்சுருக்கம் அடைந்த, அதாவது நீரிழந்து முதலுரு சுவரை விட்டு விலகிய கலங்களை எண்ணும் செய்முறை விரைவில் வரும். லீற்றருக்கு ஒரு மூல் கொண்ட கரைசலுக்கு 342 கிராம் நிறுப்பதைப் பலர் ஒப்புவிப்பார்கள். பாதிக் கலங்கள் சுருங்கிய கரைசலை ஏன் தேடுகிறோம் என்றால் வகுப்பு மௌனமாகிவிடும். சராசரிக் கலமொன்றின் முதலுரு சுவரை விட்டு விலகத் தொடங்கும் அந்த நிலையில், சுவர் நெருக்குவதால் வரும் அமுக்க அழுத்தம் பூச்சியமாகிறது. அதனால் வெளிக்கரைசலின் நீரழுத்தமே, கரைந்த பொருள்களால் வரும் கலச்சாற்றின் கரைய அழுத்தமாகிறது. றியோ கிடைக்காவிட்டால் ஊதாநிறப் பெரிய வெங்காயத்தின் சதைச் செதிலின் வெளித்தோலில் வீட்டிலேயே உரித்துப் பழகலாம். கிழியாமல் உரிக்கக் கை பழகுவதற்கே ஒரு வாரம் பிடிக்கும்.

கேள்வி: ரியூசனில் சூழலியலைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள். தாவரப் பெயர்கள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. (மாணவன், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நீங்கள் மனனம் செய்யும் ‘உலர் கலப்பு என்றும் பசுமையான காடு’ உங்கள் வீதியின் இருபுறமும் நிற்கிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகிய மரங்களை உங்கள் அப்பப்பா இலையைப் பார்த்தே சொல்லக்கூடும். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கே இருக்கும். அந்தப் பால் சப்பொட்டேசியே குடும்பத்தின் அடையாளம். சப்போட்டாவும் அதே குடும்பம்தான். மனில்காரா எக்சாந்திரா என்ற பெயரை அந்த உதட்டோடு சேர்த்து நினைத்தால் மறக்குமா? வீரை, துரைபீற்றசு செப்பியாரியா. முதிரை, குளோரொட்சைலோன் சுவீற்றினியா. ஓர் ஏட்டில் ஒவ்வோர் இலையாக ஒட்டிப் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். காட்டின் உட்பகுதிக்குத் தனியாகப் போக வேண்டாம். யானை பாடத்திட்டம் பார்த்து வருவதில்லை.

கேள்வி: மகள் வவுனியாவில் தமிழ்மொழி மூலம் உயிரியல் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம் என்கிறார்கள். இப்போதே மொழிமூலத்தை மாற்றிவிடலாமா? (ஒரு தாயார்)

பதில்: இடைநடுவில் மாற்ற வேண்டாம், அம்மா. மருத்துவபீடங்களில் ஆங்கிலம்தான் என்பது உண்மை. ஆனாலும் தமிழில் விளங்கிக்கொண்டது அங்கே வீணாகாது. மைற்றோகொந்திரியன் என்ற சொல்லின் கிரேக்க வேர்கள் இழையையும் சிறுமணியையும் குறிப்பவை. ‘இழைமணி’ என்று படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பொருள் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டும். மகள் குறிப்பேட்டின் வலப்பக்க ஓரத்தில் ஓர் அங்குலம் மடித்து, அன்றன்று படித்த கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை அதில் எழுதிவரட்டும். நாளுக்கு ஐந்து சொல் போதும்.