மறு: இந்தோனேசியாவில் எத்தனை பேரிடம் கருத்தாய்வு நடத்த வேண்டும்?

வணக்கம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள தேக்கா சந்தையில் 100 பேரிடம் கேட்டதில் 62 பேர் உங்கள் மீன்குழம்புப் பொடியை வாங்குவதாகச் சொன்னார்கள் என்றும், இந்தோனேசியா பெரிய நாடு என்பதால் அங்கே 5,000 பேரைக் கேட்க வேண்டுமா என்றும் எழுதியிருந்தீர்கள்.

தேவையில்லை. சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரியின் (கேட்பதற்குத் தேர்ந்தெடுத்தவர்களின்) துல்லியம், பெரிய நாடுகளைப் பொறுத்தவரை, மாதிரியின் அளவைச் சார்ந்ததே தவிர மக்கள்தொகையைச் சார்ந்ததன்று. 95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில் (நூறு கருத்தாய்வுகளில் ஏறத்தாழ 95இல் பொருந்தும்படி) பிழை வரம்பு, அதாவது விடை உண்மை நிலையிலிருந்து இருபுறமும் விலகக்கூடிய அளவு, 100 பேருக்கு ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளிகள், 400 பேருக்கு 5 புள்ளிகள். ஆனால் ஜகார்த்தாவையும் மேடானையும் தனித்தனியே அறிய விரும்பினால், ஒவ்வொரு நகரிலும் அந்த 400 வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த 62 என்ற எண்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே. தேக்காவிலோ நீங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இத்தகைய பொடிகளைச் சமையலில் பயன்படுத்துபவர்களாக இருந்திருப்பார்கள். இந்தச் சாய்வு, அதே இடத்தில் இன்னும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் நீங்காது. தெம்பனிஸ், ஜூரோங் போன்ற குடியிருப்புப் பகுதிகளிலும், ஒவ்வோர் இனத்திலும் இத்தனை பேர் என ஒதுக்கீடு வைத்துக் கேளுங்கள்.

ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரச் சொல்லும் ஐந்து புள்ளி அளவுகோலைப் பயன்படுத்தினால், அதன் சராசரிகளை நாடுகளுக்கிடையே நேரடியாக ஒப்பிடாதீர்கள். உயர்ந்த மதிப்பெண் தரும் பழக்கம் நாட்டுக்கு நாடு மாறுபடும். அதைவிட, விலையைக் குறிப்பிட்டு, அவர்கள் இப்போது வாங்கும் பொடியையும் உங்களுடையதையும் அருகருகே வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.